துறைமுகத்தின் பெயரும் மலையின் சுவையும்

மாம்பழம் என்றால் சேலம், பலா என்றால் பண்ணுருட்டி, மலை வாழை என்றால் சிறுமலை என்று கூறுவது நம் வழக்கம். கனியின் பெயரோடு அது விளைந்த மண்ணின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு மனநிறைவு உண்டாகிறது. காப்பிக் கொட்டை வாங்கச் செல்லும்போதோ, "பீபரி எத்தனை பங்கு? பிளாண்டேஷன் எத்தனை பங்கு?" என்று மட்டுமே கேட்கிறோம். பீபரி என்பது உருவத்தைக் குறிக்கும் பெயர்; கனிக்குள் இரண்டு கொட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபரி. பிளாண்டேஷன் என்பது பக்குவ முறையைக் குறிக்கும் பெயர். தோல் நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிகாக் கொட்டை அது. இரண்டிலும் ஊர் இல்லை. அப்படியானால் காப்பிக்கு ஊரே கிடையாதா? உண்டு. அந்த ஊர்ப்பெயர் எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீண்டு வருகிறது என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட வரலாறு.

அராபிகாக் காப்பியின் தாயகம் எத்தியோப்பிய நாட்டு மலைக்காடுகள். அதனைப் பயிராக்கி உலகச் சந்தைக்கு அனுப்பியவர்கள், செங்கடலின் மறுகரையில் வாழ்ந்த ஏமன் நாட்டு மக்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் அந்நாட்டின் மோக்காத் துறைமுகத்தில் கப்பல்களை நிறுத்திக் காப்பி ஏற்றினர். ஆகவே அவர்கள் அதனை மோக்கா என்றே அழைத்தனர். ஆனால் மோக்கா வெயில் காயும் கடற்கரை. அங்கே காப்பி விளையவில்லை. உள்நாட்டு மலைச்சரிவுகளில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் உழவர் அதனை விளைவித்தனர். மழை குறைந்த அந்த நாட்டில், பறித்த கனிகளைத் தோலோடு வீட்டுக் கூரைகளின்மேல் பரப்பி உலர்த்தினர். அதனால் அக்கொட்டையில் உலர்ந்த பழத்தின் மணமும், சாக்லேட்டை நினைவூட்டும் சுவையும் அமைந்தன. மலை உழைத்தது, துறைமுகம் பெயர் பெற்றது. 1839இல் ஆங்கிலேயர் ஏடனைக் கைப்பற்றிய பின்னர் மோக்காவின் வணிகம் நலிந்தது. பெயரோ அழியவில்லை. இன்று உணவு விடுதிகளில் மோக்கா என்று கேட்டால், சாக்லேட் கலந்த காப்பியைத் தருகிறார்கள்!

பாபா புதன் என்னும் பெரியார் 17ஆம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை சென்று திரும்புகையில், ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து மைசூர் நாட்டு மலையில் நட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. சிக்கமகளூருக்கு அருகிலுள்ள அம்மலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டச்சுக்காரர் 1696இல் மலபாரிலிருந்து செடிகளைச் சாவகத் தீவுக்குக் கொண்டு சென்றனர். அவை அழிந்துபடவே, 1699இல் மீண்டும் கொண்டு சென்று வெற்றி கண்டனர். ஆக, ஏமன் மலையிலும் சாவகத்திலும் வளர்ந்தது ஒரே இனம். எனினும் சுவை ஒன்றாக இல்லை. முன்னதில் பழமணம் மிகுந்தது. பின்னதில் கனமும் அடர்த்தியும் மிகுந்தன. இந்த வேற்றுமையை உணர்ந்த வணிகர் இரண்டையும் கலந்து, மோக்கா ஜாவா என்னும் பெயரால் விற்றனர்.

ஓர் இனச் செடி இடத்துக்கு இடம் வேறுபடுவது ஏன்? முதற்காரணம் உயரம். மலை உயர உயரக் குளிர் மிகுகிறது. கனி மெல்லப் பழுக்கிறது. மெல்லப் பழுத்த கனியின் கொட்டை இறுகித் திண்மை பெறுகிறது. கென்யா நாட்டின் உயர்ந்த மலைகளில் விளையும் காப்பியில் கனிகளை ஒத்த இனிய புளிப்பு மேலோங்கி நிற்பதும், அவ்வளவு உயரம் இல்லாத பிரேசில் நிலங்களின் காப்பியில் புளிப்பு அடங்கியிருப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. மண், மழை, மரநிழல், பயிரின் வகை, உலர்த்தும் முறை ஆகியவையும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன.

காற்றும் சுவையை ஆக்கும் என்பதற்கு நம் மேற்குக் கடற்கரையே சான்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், மலபாரில் ஏற்றிய காப்பி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவை அடையப் பல மாதங்கள் ஆயின. கப்பலின் அடித்தளத்தில் கடலின் ஈரத்தை உறிஞ்சிய கொட்டைகள் ஊதிப் பருத்துப் பொன்னிறம் அடைந்தன. புளிப்பு நீங்கிச் சுவை மென்மையாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களும் பெருகின. பயணம் சுருங்கியது, காப்பி பச்சை நிறம் மாறாமலே போய்ச் சேர்ந்தது. பழைய சுவைக்குப் பழகியவர்கள் அதனை ஏற்கவில்லை. ஆகவே, கப்பல் செய்த வேலையைக் கரையிலேயே செய்யும் முறை தோன்றியது. மங்களூர் முதலிய இடங்களில், பக்கங்கள் திறந்த கிடங்குகளில் கொட்டைகளைப் பரப்பித் தென்மேற்குப் பருவக்காற்று படும்படி வைத்து, அடிக்கடி கிளறி விடுகின்றனர். இதுவே பருவக்காற்று மலபார்க் காப்பி. வேறொரு நாட்டார் இதே கொட்டையை வாங்கிச் செல்லலாம். அந்தக் காற்றை வாங்கிச் செல்ல இயலாது.

இத்தனை சிறப்பு இருந்தும், ஊர்ப்பெயர் நம் நாட்டில் மங்கியது ஏன்? இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. காப்பி விலை வீழ்ந்து உழவர் இடருற்றனர். அவர்களைக் காக்க 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காப்பி வாரியம் நிலைபெற்றது. விளைச்சல் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, வகையும் தரமும் பார்த்து விற்கப்பட்டது. சிறு உழவர்க்கு அது நல்ல பாதுகாப்பு. ஆயினும் தொகுப்பில் கலந்த கொட்டைக்கு, எந்த மலை தன்னைப் பெற்றது என்று சொல்ல வழியில்லை. 1990களில் அந்த ஏற்பாடு படிப்படியாக நீங்கியது. அதன் பின்னரே தோட்டத்தின் பெயரைத் தாங்கிய காப்பிகள் பரவலாக வெளிவரலாயின.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். விலை இருக்கிறது. எத்தியோப்பிய அரசு 2005இல் இர்காசெபே, ஹரார், சிடாமோ என்னும் தன் வட்டாரப் பெயர்களுக்கு அமெரிக்காவில் வணிக உரிமை கோரியது. அங்குள்ள காப்பி வணிகர் எதிர்த்தனர். வழக்காடலும் பேச்சுவார்த்தையும் நடந்து, 2007இல் பெரு நிறுவனம் ஒன்றோடு உடன்பாடு ஏற்பட்டது. நம் நாட்டிலும் 2019இல் கூர்க் அராபிகா, சிக்கமகளூர் அராபிகா, பாபா புதன்கிரி அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா, வயநாடு ரொபஸ்டா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இனி வேற்றிடத்துக் கொட்டையை அப்பெயர்களால் விற்பது சட்டத்துக்கு மாறானது.

அந்த ஐந்தில் நம் சேர்வராயன் மலையும் பழனி மலையும் நீலகிரியும் இடம்பெறவில்லை. அங்கும் தலைமுறை தலைமுறையாகக் காப்பி விளைகிறது. அதன் சுவையை முறையாக ஆராய்ந்து, ஏனைய மலைகளின் காப்பியோடு ஒப்பிட்டு எழுதிவைப்பது தாவரவியலும் வேதியியலும் பயிலும் மாணவர்களாகிய உங்களால் ஆகக்கூடிய பணி. பல காப்பிகளைக் கலந்து அருந்துவது குற்றமன்று. நம் வீட்டு வடிகட்டிக் காப்பியும் பெரும்பாலும் கலவைதான். கலப்பதற்கு முன் ஒவ்வொன்றும் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டறியுங்கள். கேட்பவர் பெருகினால், விற்பவர் சொல்லத் தொடங்குவர். சொல்லத் தொடங்கினால், விளைவித்தவருக்கும் அப்பெயரின் பயனில் ஒரு பங்கு சேரும்.