இதோ, வந்துட்டேன்!

தாம்பரம் ஸ்டேஷனில் காத்திருக்கும் நண்பர் செல்போனில் கேட்கிறார், 'எங்கேய்யா இருக்கே?' ரயிலில் இன்னும் குரோம்பேட்டையைத் தாண்டாத நீங்கள் கூசாமல் சொல்கிறீர்கள்: 'இதோ, வந்துட்டேன்!'

இனிமேல்தான் நடக்கப்போகிற விஷயத்துக்கு இறந்தகாலம்! பொய்யா? இல்லை. அவசரம் என்றால் எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் அனுமதி தந்திருக்கிறார். காலம் மூன்று என்று வகுத்தவரும் அவர்தான்.

மூன்றோடு நிம்மதியாக இருந்த நம்மிடம் இங்கிலீஷ் வந்தது. 1835-ல் மெக்காலே அதற்குக் கொடி பிடித்தார். 1837-ல் ஸ்காட்லாந்து பாதிரியார் ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பாரிமுனைப் பக்கம் இருந்த கல்லூரி, சரியாக நூறு வருஷம் கழித்து, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்திருந்தது.

அதே 1930-களில்தான் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் வந்தது. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை... ஆக 12! தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தோம். ஆனாலும் இன்டர்வியூவில் உட்கார்ந்தால் நாக்கு புரளமாட்டேன் என்கிறது. ஏன்?

'அவர் நேத்து வந்திருக்கார்' என்பது நல்ல தமிழ். அதையே, 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்றால் இங்கிலீஷ்காரர் முகம் சுளிப்பார். 'ஹேஸ் கம்' என்றால் வந்த சங்கதி இன்றோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். 'நேற்று' என்று முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால், 'ஹி கேம்' மட்டும்தான். ஆக, தப்பு செய்பவன் முட்டாள் அல்ல. தமிழில் யோசிக்கிறான், அவ்வளவே.

இங்கிலீஷ் மட்டும் என்ன, கல்லில் செதுக்கியதா? ஒரு வீடு கட்டப்பட்டு வருகிறது என்பதற்கு அந்தக் காலத்தில், 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' என்ற புது வடிவம் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைகாட்டியது. 'காட்டுமிராண்டித்தனம்' என்கிற ரீதியில், 19-ம் நூற்றாண்டுப் பண்டிதர்கள் அதை வறுத்தெடுத்தார்கள். தாம்பரத்தில் கல்லூரிக் கட்டடங்கள் எழும்பியபோதோ, அதுதான் இலக்கணம்!

அவர்கள் ஊர்த் தப்பே ஒரு நூற்றாண்டில் சட்டமாகலாம் என்றால், நாம் தடுக்கி விழுந்ததற்குக் கூனிக்குறுகுவானேன்? விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், தைரியமாகப் பேசுங்கள். ஒன்று மட்டும்... 'வந்துட்டேன்' என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிடாதீர்கள். இங்கிலீஷ்காரர் நம்பி, பிளாட்பாரத்தில் உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்!