அறிவும் அறிபொருளும்

அறியும் உயிர் அறியப்படும் பொருளை ஆக்குகின்றதோ, அன்றிப் பொருளே உயிரின் அறிவை ஆக்குகின்றதோ என்னும் வினா கீழ்நாட்டார்க்கும் மேனாட்டார்க்கும் பொதுவாயதொன்று. செருமானிய தேயத்துப் பேரறிஞர் காண்டு என்பார், 1781-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொருள்கள் நமது அறிவின் நெறிக்கு இயையவே நமக்குத் தோன்றும் என்றும், அவற்றின் உள்ளபடியான நிலை அறிதற்கு அரிது என்றும் நிறுவினார். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வகுத்தருளிய சிவஞான முனிவர் சிவனடி எய்தியது 1785-ஆம் ஆண்டில். சமகாலத்தவராகிய இருவரும் அறிவின் இயல்பையே ஆராய்ந்தனர். கண்ட விடை வேறு.

உயிர் தனித்து அறியமாட்டாது. சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்பது சித்தாந்தம். செம்மலரைச் சார்ந்த படிகம் செந்நிறம் காட்டும். அதனால் மலர் படிகத்தின் ஆக்கம் ஆகாது. உலகு உயிரின் கற்பனையாயின் மலமும் கற்பனையாம்; மலம் கற்பனையாயின், அதனை நீக்கத் திருவருளும் வேண்டாவாம். ஆகலின் இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. வீடுபேற்றைப் பற்றிய வழக்கு என்க.

இவ்வுண்மைக்குத் தென்கோடியினின்றே ஒரு சான்று காட்டலாம். திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவநூற் பேராசிரியராய் விளங்கியவர் மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை (1855–1897). இவர் தத்துவத்தோடு சாசனமும் ஆய்ந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்ததாகிய மணலிக்கரை அந்நாளில் திருவிதாங்கூரைச் சார்ந்தது. அங்குள்ள கொல்லம் 410-ஆம் ஆண்டுக் (கி.பி. 1235) கல்வெட்டு, வேணாட்டு மன்னன் இரவி கேரளவர்மன் காலத்து நிலவரி ஒழுங்கைக் கூறுவது. பன்னாள் வாளா கிடந்த அக்கல், கற்றவன் கண்பட்டவழியே பேசிற்று. ஆயினும் அவர் விரும்பியதை அது பேசவில்லை. பொறித்த எழுத்தே அவரது கருத்தை நெறிப்படுத்திற்று. இவ்வாறு கல்லெழுத்தால் தெளிந்த பண்டை வேணாட்டரசர் வரலாற்றை 1894-இல் நூலாக்கினார்.

ஈண்டு மாறியது யாது? கல் மாறிற்றில்லை, அதன் பொருள் விளங்கிற்று. மாறியது உயிரின் அறிவே. கண்ணும் பொருளும் உளவாயினும் கதிரொளி இன்றேல் காட்சி இல்லை. அதுபோல, அறிவும் அறிபொருளும் கூடுமிடத்து உடனின்று காட்டுவது திருவருள். அசத்தைச் சார்ந்து அதன் வண்ணமாகும் உயிர், சத்தைச் சாரின் அதன் வண்ணமாம். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது இதுபற்றியே. சுசீந்திரத்துத் தாணுமாலயர் திருமுன் நிற்பவன் காண்பதும் கல்லே; அன்பொடு சார்ந்தவனுக்கு அதுவே சிவமாய் விளங்கும். ஆதலின், சாரத்தக்கதைத் தெரிந்து சார்தலே அறிவுடையார் செயலாம்.