விளக்கும் குடமும்



தேர்தல் முடிந்து இத்தனை நாளாகியும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஓயவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அதனால்தான் இந்தப் பழைய வரலாற்றை எழுதுகிறேன். நம் கொடைக்கானல் மலைக்கும் இதில் தொடர்பு உண்டு.

என்னிடம் படித்த பலரின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். மேல்மலைக் கூப்புகளில் வாட்டில் மரம் வெட்டி, பட்டை உரித்துப் பிழைத்தார்கள். 'சிலோன்காரங்க' என்றுதான் ஊரார் சொல்வார்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் 7 பேர் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

அதே நாட்டில் 1982 டிசம்பர் 22 அன்று ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. 1977இல் ஆறில் ஐந்து பங்கு இடங்களைப் பிடித்த ஜெயவர்த்தனாவின் கட்சி, பொதுத்தேர்தல் நடத்தாமல் அதே நாடாளுமன்றத்தை 1989 வரை நீட்டிக்கலாமா என்று கேட்டது. 'ஆம்' என்றால் விளக்கு, 'இல்லை' என்றால் குடம். அவசரநிலை நடப்பில் இருந்தபோதே வாக்குப்பதிவு நடந்தது.

விளக்குக்கு 31,41,223 வாக்குகள், அதாவது 54.66 சதவீதம். குடத்துக்கு 26,05,983. யாழ்ப்பாணம் மாவட்டத்திலோ 90 சதவீதத்துக்கும் மேல் குடம். மலையகத் தலைவர் தொண்டமான் மந்திரிசபையில் இருந்தார். அரசின் பக்கம் நின்றார். ஆக, தமிழரும் ஒரே பக்கம் இல்லை.

ஆளுங்கட்சி என்ன செய்தது? 54 சதவீத வெற்றியைக் கொண்டு ஆறில் ஐந்து பங்கு பலத்தை அப்படியே வைத்துக்கொண்டது. தோற்ற 26 லட்சம் பேருக்கு, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லவும் வழியில்லை. 1977க்குப் பிறகு பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் வந்தது.

வாக்கெடுப்பு முடிந்து ஏழு மாதத்தில், 1983 ஜூலையில், கலவரம் மூண்டது. அதற்கு வாக்கெடுப்பு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பகை பல ஆண்டுகளாக வளர்ந்தது. பேசித் தீர்க்கும் வாசலை அது இன்னும் குறுக்கியது என்பேன். கொழும்பில் கும்பல்கள் தமிழர் வீடுகளை எப்படிக் கண்டுபிடித்தன தெரியுமா? கையில் வாக்காளர் பட்டியல் வைத்திருந்தார்கள். பதுளை, மாத்தளை போன்ற மலையக ஊர்களிலும் தமிழர் கடைகள் எரிந்தன. விளக்குக்குப் போட்டாயா, குடத்துக்குப் போட்டாயா என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

வகுப்பில் நான் சொன்னது நினைவிருக்கிறதா? வாக்கு எண்ணி முடித்ததும் ஜனநாயகம் முடிந்துவிடுவதில்லை. ஜெயித்தவர் தோற்றவரை எப்படி நடத்துகிறார், தோற்றவருக்கு அடுத்த வாய்ப்பு இருக்கிறதா என்பதில்தான் அது நிற்கிறது. நமக்கு ஐந்து ஆண்டில் அந்த வாய்ப்பு திரும்ப வரும். அதற்குள் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையை விடலாமா?

குழுவை விட்டுப் போன இருவரையும் நானே போனில் கூப்பிடுகிறேன். சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியிடம் அந்த நாட்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். கேட்க வேண்டியதை அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்