கேடயச் சுரப்பி மருத்துவமும் முதியோர் தசைவலுவும்: ஒரு வரலாற்று நோக்கு

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தெற்கே அக்கரைப்பற்று வரை தொடரும் கரையோர ஊர்களின் பள்ளிவாசல்களிலே கதிரையில் அமர்ந்து தொழும் முதியோரைக் காணலாம். கரைவலை இழுத்தவரும், வயலில் உழைத்தவரும், தறியில் நெய்தவரும் அவருள் அடங்குவர். ஸுஜூதிலிருந்து கையூன்றாது எழ முடியவில்லை என்பது அவருட் சிலர் கூறும் குறை. 'வயது போய்விட்டது' என்ற சொல்லுள் அதனை அடக்கிவிடுதல் நம்மவர் வழக்கம். முதுமையும் மூட்டுத்தேய்வும் பெரும்பாலும் காரணமாகலாம். எனினும், கழுத்தின் முன்புறத்தேயுள்ள கேடயச் சுரப்பியும் சிலரிடத்துக் காரணமாதலுண்டு. அச்சுரப்பியின் குறையை மருந்தால் நிறைவுசெய்யக் கற்ற வரலாறும், அது முதியோர் தசைவலு பற்றி உணர்த்தும் பாடமும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

1873ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடத்து உடல் தடித்து, பேச்சும் அசைவும் மந்தமாகும் ஒரு நிலையை விவரித்தார். பத்தாண்டு கழித்து, சுவிற்சர்லாந்தின் தியடோர் கொக்கர், கண்டமாலைக்காகச் சுரப்பியை முற்றாக அகற்றப்பெற்றோர் அதே மந்தநிலையை அடைந்தமையைக் கண்டு வெளியிட்டார். இரண்டும் ஒரே சுரப்பியின் இழப்பால் விளைவன என்பதை 1888இல் இலண்டன் மருத்துவக் குழுவொன்றின் அறிக்கை நிலைநாட்டியது. இழந்ததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்ற வினாவுக்கு 1891இல் நியூகாசில் நகரின் ஜோர்ஜ் மரே விடைகண்டார். செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு அவர் ஊசிவழி செலுத்தினார். அப்பெண் நலமுற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் மறைந்தார். அவருக்காகப் பயன்பட்ட ஆடுகள் 870க்கும் மேற்பட்டவை என மரே பின்னர் கணக்கிட்டார்.

சாற்றின் இடத்தை அடுத்த ஆண்டிலேயே வாய்வழி மருந்து பிடிக்கலாயிற்று. 1914 திசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் எட்வேட் கெண்டல் தைரொட்சினைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். 1926இல் சாள்ஸ் ஹரிங்டன் அதன் அமைப்பை அறிந்தார். மறுவருடம் ஜோர்ஜ் பாகருடன் இணைந்து அதனைச் செயற்கையாக ஆக்கினார். எனினும், ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் உலர்ந்த சுரப்பித்தூளே மேலும் பல்லாண்டுகள் வழக்கிலிருந்தது. இரத்தத்திலுள்ள தைரொட்சின் உடலுள்ளேயே வீரியமிக்க மற்றோர் ஓமோனாக மாறுகின்றது என்பது 1970இல் மனிதரிடத்து நிறுவப்பட்ட பின்னரே செயற்கைத் தைரொட்சின் முதன்மை பெற்றது. பன்றியின் சுரப்பி பற்றிய ஐயத்தினின்று முஸ்லிம் நோயாளரை அம்மாற்றம் விடுவித்தது எனலாம்.

இனித் தசையை நோக்குவோம். கேடயச் சுரப்பி குன்றியோரிடத்துத் தோன்றும் தசை விறைப்பையும் சோர்வையும் 1897இல் ஜேர்மனியின் யொகான் ஹொவ்மன் விவரித்தார். தசைக்கலம் ஆற்றலை ஆக்கும் வேகத்தையும், சுருங்கித் தளரும் வேகத்தையும் இவ்வோமோனே நெறிப்படுத்துகின்றது. அது குறைந்தால் தசை மெல்லத் தளரும். பிடிப்பும் நோவும் உண்டாகும். தொடையும் தோளும் வலுவிழக்கும். கொலஸ்திரோல் குறைக்க மாத்திரை உட்கொள்வோரிடத்து அந்நோவு மிகுதலுமுண்டு. ஆயின், ஓமோன் மிகுந்தாலும் தசைப்புரதம் சிதைந்து அதே தொடைத்தசைகள் மெலியும். குறைவும் மிகுதியும் ஈற்றில் ஒரே வாசலிற் கொண்டுவந்து விடுகின்றன என்பது கருதற்பாலது.

கடல்மீன் உண்ணும் கரையோரத்தார்க்கு இந்நோய் வாராது என்பாரும் உளர். அயடீன் குறைவால் வரும் கண்டமாலையையும் முதுமையில் வரும் சுரப்பிக் குறைவையும் ஒன்றெனக் கருதியதன் விளைவு அது. இலங்கையிற் கண்டமாலை தென்மேற்கு ஈரவலயத்திலேயே மிகுந்திருந்தது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. ஆனால், முதியோரின் குறைபாட்டுக்குப் பெருங்காரணம் உடலின் காப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நோயாகும். 1912இல் அதனை முதலில் விவரித்தவர் ஜப்பானியரான ஹக்கரு ஹஷிமொட்டோ. மீனும் உப்பும் அதனைத் தடுப்பதில்லை.

1960களின் நடுப்பகுதியில், கேடயச் சுரப்பியைத் தூண்டும் ஓமோனை இரத்தத்தில் அளக்கும் முறை தோன்றியது. அதனால் அறிகுறி தோன்றாத சிறு குறைபாடுகளும் வெளிப்பட, அவற்றுக்கும் மாத்திரை வழங்கும் வழக்கம் பரவியது. அவ்வழக்கத்தை 2017இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று சோதித்தது. 65 வயதும் அதற்கு மேலுமான 737 பேர் அதிற் பங்குபற்றினர். சிறு குறைபாடுடையோர்க்குத் தைரொட்சின் கொடுத்தும் களைப்பு முதலிய குறைகள் தணியவில்லை. அவருள் ஒரு பகுதியினரிடத்துக் கைப்பிடி வலுவும் நடைவேகமும் அளக்கப்பட்டபோதும் நன்மை புலப்படவில்லை. வயது ஏற, தூண்டும் ஓமோனின் அளவு சற்று உயர்தல் இயல்பே என்பதும் இன்று உணரப்பட்டுள்ளது.

ஆகவே, தெளிவான குறைபாடுடைய முதியவர்க்குத் தைரொட்சின் இன்றியமையாதது. சிறு அளவிலே தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்படுவது. 'பெலனுக்கு' என்று அளவை மிகுத்தால் தசை மெலிவதோடு எலும்பு நலிந்து, இதயத்துடிப்பும் ஒழுங்கு தவறக்கூடும். வெறுவயிற்றில் நீருடன் உட்கொண்டு, அரைமணி நேரமேனும் கழிந்த பின்னரே காலைத் தேநீர் அருந்துதல் வேண்டும். இரும்பு, கல்சிய மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி தேவை. நோன்பு மாதத்திலே மருந்தைக் கைவிடாது, ஸஹர் உணவுக்கு முன்னரோ, இரவு உணவு செரித்த பின்னர் உறங்கப் போகையிலோ உட்கொள்ளலாம். அவ்வேளையை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

ஆட்டின் சுரப்பியில் தொடங்கிய இம்மருத்துவம், குறைந்ததை அளவறிந்து நிரப்புவதே தன் பணியென்று கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முதுமையின் தசையிழப்பை ஈடுசெய்ய உடலுழைப்பும் புரத உணவுமே வேண்டும். அவ்விடத்தை மாத்திரை நிரப்பாது. ஆயினும், கதிரையில் அமர்ந்து தொழும் பெரியவரிடம் வயதைக் காரணங்காட்டி வாளாவிருப்பதும் தவறே. ஓர் இரத்தச் சோதனை அவரை மீண்டும் தம் காலிலேயே எழச்செய்தலும் கூடும்.