எந்த ஊர் அங்குலம்?

போன மாதம் புதுச்சேரியிலிருந்து உறவினர் ஒருவர், தன் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரத்தை அனுப்பித் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நான் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட வேலைகள் இன்னும் என்னைத் தேடி வரும். ராசிபுரத்தில் மகள் வீட்டில் பேரனின் மேசையில் உட்கார்ந்தேன். ஒரு மடிக்கணினி, பக்கத்தில் 24 அங்குலத் திரை.

பெரிய திரையில் மத்தியானம் முழுக்கத் தட்டச்சு செய்தேன். பேரன் வந்ததும் அவனுக்கு இடம் விட்டு, விண்டோவை மடிக்கணினித் திரைக்கு இழுத்தேன். எல்லாம் ஒன்றரை மடங்கு பெருத்தது. சேமிக்கும் பட்டன் திரைக்குக் கீழே மறைந்துவிட்டது. தடுமாறி எதையோ அழுத்தினேன்; எழுதியது அத்தனையும் போயிற்று. வயதாகிவிட்டது, இனி இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றே தோன்றியது.

"உங்க தப்பு இல்ல தாத்தா, ஸ்கேலிங் பிரச்சினை" என்றான் பேரன். அது என்னவென்று தேடிப் படித்தேன்.

1780களில் பாரிஸ் அச்சகக்காரர் திதோ, அச்செழுத்தை அளக்க பிரெஞ்சு அரச அங்குலத்தை 72 பாயிண்டாகப் பிரித்தார். அந்த அங்குலம் சுமார் 27.07 மில்லிமீட்டர். ஆங்கில அங்குலமோ 25.4. ஆகவே 12 பாயிண்ட் என்று ஒரே எண்ணைச் சொன்னாலும், பிரெஞ்சு எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒரே அளவில் இருக்காது.

1984இல் வந்த மெக்கின்டாஷ், ஆங்கில அங்குலத்துக்கு 72 புள்ளி என்று திரையை அமைத்தது. மைக்ரோசாப்ட் 96 என்று வைத்துக்கொண்டது. காகிதத்தைவிடத் திரை கண்ணுக்குத் தள்ளி இருப்பதால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மென்பொருள் எழுதிய பலர் அந்த 96ஐ மாறாத அளவாக நம்பிவிட்டார்கள்.

திரைகள் மாறிவிட்டன. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதே எண்ணிக்கை 14 அங்குல மடிக்கணினியில் அடங்கும்போது 157. எழுத்து பொடியாகிவிடும் என்பதால் அங்கே 150 சதவீதம் பெரிதாக்குகிறார்கள். திரைக்குத் திரை தனி அளவு வைக்கும் வசதி விண்டோஸில் 2013இல்தான், 8.1 பதிப்பில் வந்தது. பழைய மென்பொருள்களுக்கு அது தெரியாது. சிலவற்றைக் கணினியே புகைப்படம்போல் இழுத்துப் பெரிதாக்கும், எழுத்து மங்கும். சில அரைகுறையாகப் பெருத்து விளிம்பைத் தாண்டும். எனக்கு வாய்த்தது இரண்டாவது வகை.

வேடிக்கை என்னவென்றால், நான் மொழிபெயர்த்த பத்திரத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. நிலம் குழிக் கணக்கில் எழுதியிருந்தது. புதுச்சேரிக் குழி 24 அடிக் கோலால் அளந்தது, 576 சதுர அடி. தஞ்சைக் குழி 12 அடிக் கோலால் அளந்தது, 144 சதுர அடி. பெயர் ஒன்றுதான், நிலம் நான்கு மடங்கு. நிலப் பத்திரத்தைக் கையில் எடுக்கும் எந்த எழுத்தரும் முதலில் "எந்த ஊர்க் குழி?" என்று கேட்பார். "எந்தத் திரை அங்குலம்?" என்று அந்த மென்பொருள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் முதலிலிருந்து தட்டச்சு செய்தேன். குழிக்குப் பக்கத்தில் சதுர அடியையும் போட்டேன். விண்டோவை இடம் மாற்றவில்லை. பத்து வரிக்கு ஒருமுறை சேமித்தேன். பத்திரம் உறவினருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.