சவ்வுக்குக் கீழே: இரைப்பையின் அரிய தீங்கற்ற கட்டிகளை இனங்கண்ட வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் மேல்வயிறு நொந்தால் முதலில் வாயில் வரும் சொல் 'கேஸ்ரைற்றிஸ்'. நோன்பு மாதத்தில் இன்னும் கூடுதலாகக் காதில் விழும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துபோகும் சிலரைப் பற்றியதே இந்த ஆய்வு: இரைப்பைச் சுவரில் கொழுப்புக்கட்டியோ, தசைக்கட்டியோ, நரம்புறைக்கட்டியோ வளர்ந்தவர்கள்.

இவை புற்றுநோயல்ல. ஆனாலும் பெருத்த கட்டியின் மேற்பரப்பு புண்ணாகிக் குருதி கசியலாம். மலம் தார்போலக் கறுக்கும், ஆள் வெளிறிப்போவார். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், சோகைக்குக் கொடுத்த மருந்தே சோகையின் காரணத்தை மறைத்துவிடுகிறது.

இவற்றின் வரலாறு முழுவதும் ஒரே தடையைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. கட்டி இருப்பது உட்சவ்வுக்குக் கீழே. 1868இல் ஜெர்மனியில் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைவழியே நேர்க்குழாயை இறக்கினார், வெளிச்சம் போதவில்லை. பின்னர் வந்த எக்ஸ்ரே படத்தில் கட்டி வழவழப்பான விளிம்புள்ள நிழலாகத் தெரிந்தது, இன்ன வகையென்று தெரியவில்லை. 1881இல் வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றியிருந்தார். அந்த வழி திறந்திருந்ததால், புற்றுநோயோ என்ற அச்சத்தில் தேவைக்கு மேல் வெட்டப்பட்ட வயிறுகளும் உண்டு.

1932இல் ஷிண்ட்லர் பாதி வளையும் குழாயையும், 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடியிழைக் குழாயையும் கொண்டுவந்தனர். அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. கெமரா போட்டு இடுக்கியால் கிள்ளினால் மேற்சவ்வு மட்டுமே வரும். அறிக்கையில் 'சாதாரண சவ்வு' என்றிருக்கும். கட்டி கீழே அப்படியே இருக்கும். கொழுப்புக்கட்டி மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: மூடிய இடுக்கியால் அமுக்கினால் தலையணைபோல் குழிந்து, விட்டதும் மெல்ல எழும்பும். 1980களில் எண்டோஸ்கோப்பி முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்தியபோதுதான் சுவரின் ஐந்து அடுக்குகளில் எதிலிருந்து கட்டி கிளம்புகிறதென்று பார்க்க முடிந்தது.

பெயரில் இருந்த குழப்பம் இன்னும் ஆழமானது. தசைக்கட்டி என்று எழுதப்பட்டவற்றில் பலவற்றுக்குத் தசையின் இயல்பே இல்லையென்று 1983இல் மசூரும் கிளார்க்கும் காட்டினர். 1998இல் ஜப்பானின் ஹிரோட்டா குழு, 'ஜிஸ்ட்' எனப்படும் அக்கட்டிகளில் கிட் மரபணு மாற்றத்தைக் கண்டது. ஜிஸ்ட் பிற்பாடு பரவக்கூடியது. அதைத் தீங்கற்றவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஆகவே, இந்த வேறுபாடு தெரியவருவதற்கு முந்திய பதிவேடுகளில் உள்ள இரைப்பைத் தசைக்கட்டிக் கணக்குகளை அப்படியே நம்ப இயலாது என்பதே என் முடிவு. பழைய மெழுகுக் கட்டைகள் கைவசமிருந்தால் இழையத்தை மீண்டும் சாயமேற்றிப் பார்க்கலாம். 2004 சுனாமி வீடுகளோடு கிளினிக் கொப்பிகளையும் அள்ளிச்சென்ற கரையில் அந்தத் தடத்தைப் பிடிப்பது எளிதல்ல.

சிகிச்சை சுருங்கியது நல்ல செய்தி. தொந்தரவு தராத சிறு கொழுப்புக்கட்டியை விட்டுவிடலாம். குருதி கசியும் தீங்கற்ற கட்டிக்கு அது இருக்கும் சுவர்த்துண்டை மட்டும் வெட்டினால் போதும். நிணநீர்க் கணுக்களைத் தொடத் தேவையில்லை. துளைவழிச் சத்திரசிகிச்சையிலேயே பலருக்கு இது முடிந்துவிடும்.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஆனால் எந்தக் கருவிக்கும் முன்னால், வெளிறிய முகத்தோடு வந்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் உம்மாவிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: மலம் கறுத்தது குளிசை தொடங்க முன்னமா, தொடங்கின பிறகா?