சென் லூயிஸ்: வாசல் யாருக்குத் திறந்தது?

அமெரிக்காவின் படங்களைப் பார்க்கும் நம் பாடசாலைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆற்றங்கரையில் வெள்ளி வானவில் மாதிரி ஒன்று நிற்கிறதே, அது என்ன?" அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லப் போய் இந்தப் பதிவு நீண்டுவிட்டது. பொறுமையாக வாசியுங்கள் உறவுகளே.

அது மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள சென் லூயிஸ் நகரத்தின் வாசல் வளைவு. உயரம் 192 மீற்றர். இரண்டு கால்களுக்கும் இடையிலான அகலமும் அதே அளவுதான். பின்லாந்தில் பிறந்த ஈரோ சாரினன் வரைந்த வடிவம் இது. வேலை 1963இல் தொடங்கி 1965 ஒக்டோபர் 28இல் முடிந்தது. சாரினன் 1961இலேயே இறந்துவிட்டதால் அதை அவர் பார்க்கவில்லை. உள்ளே முட்டை போன்ற சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. ஐவர் முழங்கால் முட்ட உட்கார்ந்தால் நான்கு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். அங்கிருந்து குனிந்து பார்த்தால் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் நகரம்.

ஏன் 'வாசல்' என்கிறார்கள்? 1803இல் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் நெப்போலியனிடமிருந்து 15 மில்லியன் டொலருக்கு லூசியானா நிலப்பரப்பை வாங்கினார். அன்றைய அமெரிக்காவே ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதன் பிறகு மேற்கே குடியேறப் போனவர்கள் பலர் இந்த ஊர் வழியாகத்தான் போனார்கள். அவர்களின் நினைவுக்காகத்தான் வளைவு. விற்றவர் பாரிஸில் இருந்தார், வாங்கியவர் வாஷிங்டனில் இருந்தார். அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே சென் லூயிஸைச் சுற்றிப் பார்க்கும்போது நாம் கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வாசல் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியிருந்தது?

முதலில் ஆற்றைக் கடந்து இலினோய் பக்கம் போவோம். நகரத்திலிருந்து சில மைல் தூரத்தில் கஹோக்கியா மண்மேடுகள் இருக்கின்றன. கூடை கூடையாக மண் சுமந்து மனிதர் எழுப்பிய மேடுகள் அவை. பெரியது சுமார் 30 மீற்றர் உயரம், படியேறி மேலே போகலாம். கி.பி. 1100 அளவில் இங்கே சோளம் விளைவித்த மக்களின் பெரிய நகரம் ஒன்று இருந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்திருப்பர் என்று ஆய்வாளர் கணிக்கிறார்கள். பொலன்னறுவையில் பராக்கிரமபாகு குளம் கட்டிய நூற்றாண்டில் அங்கேயும் ஒரு நகரம் உயிரோடு இருந்திருக்கிறது. இன்னொரு பொருத்தம் பாருங்கள்: யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் பொலன்னறுவையும் கஹோக்கியாவும் சேர்ந்தது ஒரே ஆண்டில், 1982இல்.

ஆற்றின் இந்தப் பக்கம், சென் லூயிஸுக்குள்ளேயும் இப்படிப் பல மேடுகள் இருந்தன. 'மேட்டு நகரம்' என்றே அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பெயரை வைத்துக்கொண்டு மேடுகளை வெட்டிவிட்டார்கள். இருந்ததிலேயே பெரிய மேடு 1869இல் தரைமட்டமானது. அந்த மண் ரயில் பாதை நிரப்பப் போனது. தோமஸ் ஈஸ்டர்லி என்ற புகைப்படக்காரர் மேடு கரையக் கரையப் படம் எடுத்து வைத்ததால் அது எப்படி இருந்தது என்றாவது நமக்குத் தெரிகிறது. மிஞ்சிய ஒரு மேட்டின் ஒரு பகுதியை 2009இல் ஓசேஜ் பழங்குடி மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். தங்கள் முன்னோரின் மேட்டைத் தாங்களே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது!

வளைவு நிற்கும் பச்சைப் புல்வெளிக்கும் இப்படியொரு கதை உண்டு. பழைய ஆற்றங்கரை வணிகத் தெருக்கள் அங்கேதான் இருந்தன. 1939இல் தொடங்கி சுமார் 40 தெருக்கட்டங்களை இடித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் அது வாகனம் நிறுத்தும் வெறும் நிலமாகக் கிடந்தது. பழைய கதீட்ரல் தப்பியது. சற்று மேற்கே இருக்கும் பழைய நீதிமன்றமும் நிற்கிறது. அங்கே பிறகு வருவோம்.

வளைவுக்குக் கீழே படகுத்துறை. டொம் சோயர், பெக்கி தச்சர் என்ற இரண்டு படகுகள் உல்லாசப் பயணிகளை ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுகின்றன. 1874இல் திறந்த ஈட்ஸ் பாலம் படகிலிருந்து நன்றாகத் தெரியும். உருக்கை நம்பி இவ்வளவு பெரிய பாலம் அதற்கு முன் யாரும் கட்டியதில்லை. மக்களின் பயம் தீர ஒரு யானையை நடத்திக் காட்டினார்கள் என்பது எல்லோரும் ரசிக்கும் கதை. ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அத்திவாரம் தோண்டிய தொழிலாளர் பத்துக்கும் மேற்பட்டோர், மேலே வந்ததும் உடல் முறுகிச் செத்தார்கள். யானைதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

ஆசிரியர் தொழில் செய்யும் நமக்கு அந்த ஆற்றில் வேறொரு படகுதான் கண்ணில் நிற்கிறது.

மிசூரி அடிமை மாநிலம். எதிர்க்கரை இலினோய் அடிமை முறையை ஏற்காத மாநிலம். நடுவில் ஓடும் ஆறுதான் எல்லை. 1847இல் மிசூரி ஒரு சட்டம் கொண்டுவந்தது: கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் பாடசாலை எதுவும் நடத்தக் கூடாது. அடிமைகளுக்கு மட்டுமல்ல, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் இதே தடைதான். அப்போது அங்கே ஜோன் பெரி மீச்சம் என்ற போதகர் இருந்தார். அடிமையாகப் பிறந்து, மரவேலை செய்து காசு சேர்த்து, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். அவர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். சட்டம் வந்தபின் ஒரு நீராவிப் படகை ஆற்றின் நடுவில் நிறுத்தி அதில் வகுப்பு நடத்தினார் என்று அந்த ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஆறு மத்திய அரசுக்குச் சொந்தம், மிசூரிச் சட்டம் அங்கே செல்லாது! பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி அழைத்துப் போவார்களாம். கரும்பலகையும் கட்டடமும் இல்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் நாட்களில் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆசிரியர் அவர்.

1854இல் அவர் காலமானார். அவரது மனைவி மேரி மீச்சம் 1855 மே 21 இரவில் ஒன்பது அடிமைகளை அதே ஆற்றின் வழியே இலினோய்க்குக் கடத்தி விடுவிக்க உதவினார். எதிர்க்கரையில் ஆட்கள் காத்திருந்தார்கள். சிலர் பிடிபட்டார்கள், மேரி மீது வழக்குப் போட்டார்கள். பிடிபட்டவர்களில் எஸ்தர் என்ற தாயும் அவரது பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் உரிமையாளர் ஹென்றி ஷா. அவர் எஸ்தரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துத் தெற்கே விற்றுவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1859இல், அதே ஷா தன் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்தார். அதுதான் இன்று உலகப் புகழ்பெற்ற மிசூரி தாவரவியல் பூங்கா. அழகான இடம்தான், குறை சொல்ல முடியாது. ஜப்பானியத் தோட்டமும், கண்ணாடிக் குவிமாடத்துக்குள் மழைக்காடும் உண்டு. அங்கே போகும் நம்மவர் எஸ்தரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டு போகட்டும். நகரின் வடக்கே மேரி மீச்சம் பெயரில் ஆற்றங்கரையில் ஒரு நினைவிடமும் இருக்கிறது. பெரிய சுற்றுலா பஸ்கள் அவ்வளவு தூரம் போவது குறைவு.

இனி பழைய நீதிமன்றம். பச்சைக் குவிமாடத்துடன் வளைவின் நடுவே படம் பிடிக்க மிகப் பொருத்தமாக நிற்கும். இதன் வாசற்படியில் அடிமைகளை ஏலம் விட்டிருக்கிறார்கள். இதே கட்டடத்தில்தான் ட்ரெட் ஸ்கொட், ஹரியட் ஸ்கொட் தம்பதியர் விடுதலை கேட்டு வழக்காடினார்கள். இராணுவ வைத்தியர் ஒருவர் ட்ரெட் ஸ்கொட்டை அடிமை முறை இல்லாத இலினோயிலும் விஸ்கொன்சின் பிரதேசத்திலும் பல ஆண்டுகள் வைத்திருந்தார். "சுதந்திர மண்ணில் வாழ்ந்த நாங்கள் எப்படி இன்னும் அடிமைகள்?" என்பதே வாதம். 1846இல் மனுப் போட்டார்கள். 1847இல் சாட்சியக் கோளாறால் தோற்றார்கள். 1850இல் ஜூரிகள் விடுதலை தந்தார்கள். 1852இல் மாநில உயர் நீதிமன்றம் அதைப் பறித்தது. 1857இல் நாட்டின் உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் ரோஜர் டேனி தலைமையில், ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது: கறுப்பினத்தவர் அமெரிக்கப் பிரஜைகள் ஆக முடியாது, ஆகவே வழக்குத் தொடரும் உரிமையே இல்லை. வழக்கைத் தள்ளுபடி செய்தது மட்டுமல்ல, வழக்காடியவரை மனிதர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வெடித்ததற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

அதே ஆண்டு மே மாதம், முன்னாள் உரிமையாளர் குடும்பத்தவர் ஒருவர் அவர்களை வாங்கி விடுதலை செய்தார். ட்ரெட் ஸ்கொட் அந்த ஊர் ஹொட்டல் ஒன்றில் சுமை தூக்கினார். சுதந்திர மனிதராக ஒன்றரை ஆண்டுகூட வாழவில்லை, 1858 செப்டெம்பரில் காசநோயால் இறந்தார். அவரது கல்லறைக்கு வருவோர் லிங்கன் முகம் பதித்த ஒரு சத நாணயத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே தம்பதியரின் சிலை நிறுவியது 2012இல்தான்.

வளைவு கட்டிக்கொண்டிருந்த 1964 ஜூலையிலும் கதை மாறிவிடவில்லை. அந்த வேலைத்தளத்தில் கறுப்பினத்தவருக்குத் தகுதியான வேலை தரவில்லை என்று பேர்சி கிரீன், ரிச்சர்ட் டேலி என்ற இருவர் பாதி முடிந்த காலில் 125 அடி ஏறி, நான்கு மணி நேரம் இறங்க மறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்து பொரஸ்ட் பார்க். மிருகக்காட்சிசாலை, ஓவியக் கூடம், வரலாற்று நூதனசாலை எல்லாமே நுழைவுக் கட்டணம் இன்றி, வரிப் பணத்தில் நடக்கின்றன. இது மெச்ச வேண்டிய ஏற்பாடு. 1904இல் உலகக் கண்காட்சி நடந்த இடம் இதுதான். ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வந்தார்கள். அதில் நம் நாட்டுக்கும் ஒரு மண்டபம் இருந்தது, 'சிலோன் கோர்ட்' என்ற பெயரில். பிரித்தானிய ஆட்சியாளர் அதற்குக் கைநூல்கூட அச்சிட்டிருந்தார்கள். அதே கண்காட்சியில் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான மனிதரைக் கொண்டுவந்து, குடிசை போட்டு வாழவைத்து, பார்வைக்கு வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓவியக் கூடத்தின் முன்னால் குதிரையில் வாளேந்தி ஒரு மன்னர் நிற்கிறார். நகரத்தின் பெயருக்கு உரியவர், பிரான்ஸின் ஒன்பதாம் லூயி. நம் வரலாறு படித்தோருக்கு இவர் அந்நியர் அல்ல. எகிப்தின் மீது சிலுவைப் போர் நடத்தி, ஹிஜ்ரி 648இல், அதாவது 1250இல், சிறைப்பட்டு, மன்சூராவில் இப்னு லுக்மானின் வீட்டில் அடைபட்டு, பெரும் தொகை கொடுத்து மீண்டவர் இவர்தான். 1270இல் மறுபடி படையெடுத்து தூனிஸில் இறந்தார். பாரிஸில் யூதரின் தல்மூத் ஏடுகளை எரித்ததும் இவரது ஆட்சியில்தான். 2020 ஜூனில் முஸ்லிம்களும் யூதர்களுமாகச் சிலர் சிலையை அகற்றக் கேட்டார்கள். கத்தோலிக்கர் சிலர் அதைச் சுற்றி நின்று பிரார்த்தித்தார்கள். வாக்குவாதம் முற்றியது, சிலை அங்கேயே நிற்கிறது. அவரது ஆட்சியில் ஏழைகளுக்குச் செய்த தர்மங்களும் பதிவாகியுள்ளன. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்வதே நேர்மை.

அந்த மன்னரின் பெயர் கொண்ட நகரத்துக்குத்தான் 1990களில் பொஸ்னிய முஸ்லிம்கள் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவில் தகப்பனையும் சகோதரனையும் இழந்தவர்களும் அவர்களில் உண்டு. வீடுகள் வெறிச்சோடிக் கிடந்த பெவோ பகுதியில் குடியேறினார்கள். பழைய வீடுகளைத் திருத்தி, பேக்கரியும் இறைச்சிக் கடையும் கோப்பிக் கடையும் திறந்தார்கள். இன்று பொஸ்னியருக்கு அமெரிக்காவிலேயே மிகப் பெரிய இருப்பிடம் அதுதான். 2013இல் சரயேவோ நகரத்து 'ஸெபில்' நீரூற்றைப் போலவே ஒன்றை அங்கே கட்டினார்கள். நம் காதுக்குப் பழகிய 'ஸபீல்' என்ற அரபுச் சொல்லின் பொஸ்னிய உச்சரிப்புத்தான் அது, வழிப்போக்கர் தாகம் தீர்க்க வைக்கும் தண்ணீர்ப் பந்தல். கிராவோய் வீதியோரம், மரவேலைப்பாட்டோடு நிற்கிறது. வளைவிலிருந்து காரில் கால் மணி நேரம். டிக்கட் இல்லை.